வழிகள் பல, நல்ல வழி எது?

கியா பார்மிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு லோரி காய்கறி ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எத்தனை வழிகள் உண்டு? பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் என்று இறங்கித் தாப்பாவில் நெடுஞ்சாலையைப் பிடிப்பது ஒரு வழி. நம் முன்னோர் ஏறி வந்த பழைய பாதை அதுதான். வடக்கே திரும்பிக் கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, ஈப்போ அருகே நெடுஞ்சாலையில் ஏறுவது இரண்டாவது வழி. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான், ரவூப் என்று பகாங் மாநிலத்துக்குள்ளேயே போவது மூன்றாவது வழி. ஓட்டுநர் இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பார்? தூரத்தை மட்டும் பார்ப்பாரா? மாட்டார். மழையில் எங்காவது மண் சரிந்திருக்கிறதா, விடுமுறை நாளில் சந்தையருகே சுற்றுலா வண்டிகள் அடைத்து நிற்கின்றனவா, சுமை கனமா இலேசா, எத்தனை மணிக்குள் போய்ச் சேரவேண்டும் என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்தே வண்டியைத் திருப்புவார்.

நம் கைப்பேசியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு செய்திக்கும் இதே கேள்வி எழுகிறது. ஆனால் அங்கே ஓட்டுநர் இல்லை. வழியில் இருக்கும் கணினிகளே கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிவு செய்துவிடுகின்றன. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, மலைத்தோட்டத்தில் வாழும் நமக்கு அதனால் ஆவது என்ன என்பதை இன்று காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். இரண்டு கணினிகள் பேசத் தொடங்கியது முதல் பேச்சை முடிக்கும் வரை உள்ள தொடர்பை 'அமர்வு' என்பார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுடன் காணொளியில் பேசுகிறோம். அது ஓர் அமர்வு. பிள்ளை இணைய வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு மணி நேரமும் ஓர் அமர்வு. கைப்பேசி வழியாக வங்கியில் பணம் செலுத்தும் இரண்டு நிமிடமும் ஓர் அமர்வுதான். அமர்வு தொடங்கியபின் நடுவில் அறுந்தால் நமக்குத் துன்பம். ஆகையால் அமர்வுக்கு வழி தேர்வது கவனமாகச் செய்யவேண்டிய வேலை.

நாம் பேசியதும் குரல் வானலையாக மாறி அருகிலுள்ள கோபுரத்தை அடைகிறது. அங்கிருந்து கண்ணாடி இழைக் கம்பி வழியாகவோ, மற்றொரு கோபுரத்துக்குத் தாவியோ நகரத்து நிலையங்களுக்குப் போகிறது. வழியில் பல சந்திப்புகள் உண்டு. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வழிகாட்டிக் கணினி நிற்கிறது. ரவுட்டர் என்று சொல்லப்படுவது இதுவே. இந்தக் கணினி முழுப் பயணத்தையும் தானே நடத்திவைப்பதில்லை. 'இந்த முகவரிக்குப் போகவேண்டுமா? அடுத்து அந்தச் சந்திப்புக்குப் போ' என்று கைகாட்டி அனுப்புவதே அதன் பணி. அடுத்த சந்திப்பில் இருப்பது அதற்கடுத்த சந்திப்பைக் காட்டும்.

சரி, சந்திப்பில் நிற்கும் கணினிக்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தான் தெரியும். இணையத்தின் மூத்த தாய் எனத்தக்க ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலை 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்கே நிலையங்களோடு தொடங்கியது. அதில் ஒவ்வொரு நிலையமும், 'என் வழியாக இன்ன இடத்துக்குப் போக இவ்வளவு நேரம் பிடிக்கும்' என்று தன் அண்டை நிலையங்களுக்கு நொடிக்கு ஒரு முறைக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்ட நிலையம் அதனோடு தன் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, எது குறைவோ அந்தப் பக்கம் செய்தியை அனுப்பியது.

எளிய முறைதான். ஆனால் வாய்வழிச் செய்திக்கு உள்ள குறை இதற்கும் உண்டு. ஒரு வழி அடைபட்டது என்னும் கெட்ட செய்தி மெதுவாகவே பரவியது. தாப்பா சாலை அடைபட்டுப் போனதை அறியாமல், ரிங்லெட்டில் இருப்பவர் 'தானா ராத்தாக்காரருக்கு வழி தெரியும்' என்கிறார். தானா ராத்தாவில் இருப்பவர் 'ரிங்லெட்காரருக்கு வழி தெரியும்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் அகப்பட்ட லோரி என்ன ஆகும்? இங்கும் அங்குமாக ஓடி எண்ணெய் தீர்ந்து நிற்கும். கணினி வலையிலும் செய்திகள் இப்படியே சுற்றிச் சுற்றி அழிந்தன.

இதற்கு மாற்றாக வந்தது வரைபட முறை. ஒவ்வொரு நிலையமும் தன் வாசலில் உள்ள சாலைகளின் நிலையை மட்டும் எல்லாருக்கும் அறிவிக்கும். அறிவிப்புகளைத் திரட்டி ஒவ்வொரு நிலையமும் முழு வரைபடத்தைத் தானே போட்டுக்கொள்ளும்; பிறகு மிகக் குறைந்த வழியைத் தானே கணக்கிடும். ஆர்ப்பாநெட் 1979-ஆம் ஆண்டு முதல் இந்த முறைக்கு மாறியது. அந்தக் கணக்கை வகுத்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர். 1956-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, இருபதே நிமிடத்தில், காகிதமும் பென்சிலும் இல்லாமல் இதைக் கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். 1959-இல் அது அச்சில் வந்தது. நகரங்களுக்கிடையே குறைந்த வழி எது என்பதே அன்று அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். கியா பார்ம், ஈப்போ, தாப்பா, கோலாலம்பூர் ஆகிய நான்கு இடங்களில் வழிகாட்டிக் கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பாரம் தருவோம். எண்கள் வெறும் கணக்குக்காகவே. கியா பார்மிலிருந்து ஈப்போவுக்கு 4, தாப்பாவுக்கு 5. ஈப்போவுக்கும் தாப்பாவுக்கும் இடையே 3. தாப்பாவிலிருந்து கோலாலம்பூருக்கு 6. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு 9. முதலில் மிகக் குறைந்ததை எடுத்து முடிவு செய்யவேண்டும்: ஈப்போ 4. அடுத்தது தாப்பா: நேரே போனால் 5, ஈப்போ சுற்றிப் போனால் 7, ஆகவே 5. இனிக் கோலாலம்பூர்: ஈப்போ வழியாக 4-உம் 9-உம் சேர்ந்து 13; தாப்பா வழியாக 5-உம் 6-உம் சேர்ந்து 11. தாப்பா வழியே நல்ல வழி. முதல் அடியில் மலிவாகத் தெரிந்த ஈப்போ, முடிவில் மலிவாக இல்லை, பார்த்தீர்களா? பயணம் முழுவதையும் கூட்டிப் பார்த்தபின்பே முடிவு சொல்லவேண்டும் என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

இனி, பாரம் என்பதை எப்படி நிறுப்பது? சந்திப்புகளை எண்ணினால் போதுமா? போதாது. நில உருண்டைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் துணைக்கோள் வழியாகப் பேசினால் நடுவில் சந்திப்பு ஒன்றுதான். ஆனால் குரல் மேலே போய்க் கீழே வர ஏறத்தாழக் கால் நொடி ஆகிவிடும். சிங்கப்பூரையும் சென்னையையும் இணைக்கும் கடலடிக் கம்பி ஒன்று 2002-இல் பயனுக்கு வந்தது. அதன் நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். ஆயினும் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், அந்தக் கடலைக் கடக்க ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கே போதும். இரு புறமும் இன்னும் பல சந்திப்புகளைத் தாண்டினாலும் துணைக்கோளை விட அதுவே விரைவானது.

பாரத்தை நிறுக்கும்போது, ஏற்றிச் செல்லும் பொருள் எது என்பதையும் பார்க்கவேண்டும். இது தேயிலைத் தோட்டத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காலையில் பறித்த கொழுந்து தொழிற்சாலைக்கு உடனே போய்ச் சேரவேண்டும். மூட்டைக்குள் அழுந்திச் சூடேறினால் சிவந்து கெட்டுவிடும். அதே கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து தூளாகிப் பெட்டிக்குள் போனபின், இரண்டு நாள் தாமதமானாலும் கெடாது. கொழுந்து லோரிக்கு விரைவான வழி வேண்டும். தூள் லோரிக்குச் செலவு குறைந்த வழி போதும். பேச்சு கொழுந்தைப் போன்றது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி நொடிக்குள், அதாவது ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். கல்யாணப் படங்களை அனுப்புவது தூள் பெட்டியை அனுப்புவது போன்றது. பத்து நொடி பிந்தினாலும் படம் படமாகவே வந்து சேரும்.

இந்த வேறுபாட்டை முறையாகக் கணக்கில் சேர்த்த அமைப்புகளுள் ஒன்று, ஐபிஎம் நிறுவனம் 1974-இல் அறிவித்த கணினி வலை அமைப்பு. வங்கிகளும் விமான நிறுவனங்களும் அதை நெடுங்காலம் பயன்படுத்தின. 1980-களில் அதிலிருந்து வளர்ந்த புதிய வடிவத்தில், அமர்வு தொடங்கும்போதே 'இது எந்த வகை அமர்வு?' என்ற கேள்வி கேட்கப்பட்டது. உடனுக்குடன் பதில் வேண்டிய பேச்சா, மொத்தமாகக் கொட்டும் சரக்கா, இரகசியம் காக்கவேண்டியதா என்று வகை பிரித்தார்கள். ஒவ்வொரு இணைப்பின் தாமதம், கொள்ளளவு, கட்டணம், பாதுகாப்பு ஆகியவற்றோடு, சந்திப்பில் உள்ள நெரிசலையும் பார்த்து, அந்தந்த வகைக்கு ஏற்பப் பாரம் கொடுத்தார்கள். நம் கணக்கில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான இணைப்பு மெதுவானது, ஆனால் அகலமானது, கட்டணமும் குறைவு என்று கொள்வோம். பேச்சுக்கு அதன் பாரம் 9 என்றால், சரக்குக்கு 5 ஆகும். அப்போது சரக்குக்கு ஈப்போ வழி 9, தாப்பா வழி 11. ஒரே ஊர், ஒரே நேரம். ஆனால் பேச்சு தாப்பா வழியே போகும், சரக்கு ஈப்போ வழியே போகும். எல்லாருக்கும் எப்போதும் பொருந்தும் 'நல்ல வழி' என்று ஒன்று இல்லை.

அந்த அமைப்பில் ஒரு குறையும் இருந்தது. அமர்வு தொடங்கியபோது தேர்ந்த வழியே கடைசி வரைக்கும். நடுவில் அந்த வழி அறுந்தால் அமர்வும் அறுந்தது. மறுபடி தொடக்கத்திலிருந்து வரவேண்டும். 1990-களில்தான் அமர்வைக் கலைக்காமலே வேறு வழிக்கு மாற்றும் திறன் அதில் சேர்ந்தது. இன்றைய இணையமோ பேச்சைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்புகிறது. வழி அறுந்தால் மிச்சப் பொட்டலங்கள் வேறு வழியே போகலாம். என்றாலும், சமமான இரண்டு வழிகள் இருக்கும்போது, ஓர் அமர்வின் பொட்டலங்களை வழிகாட்டிக் கணினிகள் பெரும்பாலும் ஒரே வழியிலேயே அனுப்புகின்றன. பின்னால் வரவேண்டியது முந்தி வந்து பேச்சு குழம்பாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

நல்ல வழி என்று எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினால் அது நல்ல வழியாகவே இருக்குமா? ஆர்ப்பாநெட்டில் இந்தச் சிக்கல் வந்தது. நெரிசல் குறைந்த இணைப்பு எது என்று கண்டதும் எல்லா நிலையங்களும் அதில் பாய்ந்தன. உடனே அது நெரிந்தது, மற்றது காலியானது. மறுபடி எல்லாம் அங்கே பாய்ந்தன. விடுமுறை நாளில் வண்டிகள் ஒரு சாலையை விட்டு மறு சாலைக்குக் கூட்டமாய்த் திரும்பினால் என்ன நடக்குமோ அதுவே அங்கும் நடந்தது. நெரிசலுக்கு ஏற்பப் பாரம் ஏறலாம், ஆனால் ஓர் அளவுக்கு மேல் சட்டென்று ஏறவோ இறங்கவோ கூடாது என்று 1980-களின் பிற்பகுதியில் வரம்பு கட்டியபின் இந்த ஊசலாட்டம் அடங்கியது.

இதுவரை சொன்னது ஒரே நிறுவனத்தின் வலைக்குள் நடக்கும் கதை. உலக இணையமோ பல்லாயிரம் வலைகளின் கூட்டு. ஒரு வலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது தூரமும் நேரமும் மட்டும் பேசுவதில்லை. பணமும் ஒப்பந்தமும் பேசுகின்றன. நம் நாட்டில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பிய செய்தி, வெளிநாட்டுச் சந்திப்பு வரை போய்த் திரும்பி வரும் நிலைகூட இருந்தது. அடுத்த வீட்டுக்குச் சீனி கேட்கக் கடல் கடந்து போன கதைதான் அது. இதைத் தவிர்க்க 2006-ஆம் ஆண்டு மலேசிய இணையச் சந்திப்பு மையம் அமைக்கப்பட்டது. உள்நாட்டுச் செய்திகள் உள்நாட்டிலேயே கைமாற அது வழி செய்தது.

வலைகளுக்கிடையே வழி சொல்வது நம்பிக்கையின் மேல் நடக்கும் காரியம். அந்த நம்பிக்கை பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு நிகழ்ச்சியே சான்று. 2015-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மாலை, டெலிகோம் மலேசியாவின் வழிகாட்டிக் கணினிகள் சுமார் 1,79,000 முகவரித் தொகுதிகளுக்கு 'எங்கள் வழியே வரலாம்' என்று லெவல் 3 என்னும் பெரிய பன்னாட்டு நிறுவனத்துக்குத் தவறாக அறிவித்துவிட்டன. பணம் செலுத்தும் வாடிக்கையாளர் காட்டும் வழிக்கு முதலிடம் தருவது இத்துறையின் வழக்கம். ஆகவே அந்த நிறுவனமும் சரிபார்க்காமல் நம்பி, உலகத்துப் போக்குவரத்தில் ஒரு பெரும் பகுதியை மலேசியாவின் பக்கம் திருப்பிவிட்டது. தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் நெடுஞ்சாலை வண்டிகளையெல்லாம் திருப்பிவிட்டது போலாயிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல நாடுகளில் இணையம் தடுமாறியது. நிறுவனம் பிழையைத் திருத்தி வருத்தமும் தெரிவித்தது. அண்டையார் சொல்வதை அளந்து பார்த்தே ஏற்கவேண்டும் என்னும் பாடம் அன்று வலுப்பட்டது.

வேறொரு பாடத்தை இயற்கை கற்பித்தது. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் தைவானின் தென்கரைக்கு அப்பால் நிலநடுக்கம் ஏற்பட்டு, கடலடிக் கம்பிகள் பல அறுந்தன. கிழக்கு ஆசியாவிலும் நம் வட்டாரத்திலும் இணையம் பல நாள் நலிந்தது. வழிகாட்டிக் கணினிகள் அப்போதும் தம் கணக்கைச் சரியாகவே போட்டன; மிச்சமிருந்த கம்பிகளுக்குச் செய்திகளைத் திருப்பின. ஆனால் மிச்சமிருந்த கம்பிகள் போதவில்லை. கணக்கு எவ்வளவு கூர்மையானாலும் இல்லாத சாலையை அதனால் உண்டாக்க முடியாது.

நேயர்களே, நம் தோட்டங்களுக்கு இதுவே முக்கியமான செய்தி. நகரத்துக்குள் வழிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று போனால் ஒன்று. மலைத்தோட்டத்தின் கடைசி லயத்துக்கு வருவதோ பெரும்பாலும் ஒற்றை வழி. ஒரு கோபுரம், அதற்கு ஒரு கம்பி அல்லது ஒரு தாவல். குன்று குறுக்கே நின்றால் வானலை நிழலில் விழுகிறது. மின்சாரம் நின்றாலும், மண் சரிந்து கம்பி அறுந்தாலும் மாற்று இல்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, வகுப்பே கைப்பேசிக்குள் வந்தது. இணைப்பு அறுந்த வீட்டுப் பிள்ளைக்கு அன்றைய பாடமும் அறுந்தது. பிள்ளை சோம்பல்பட்டு வகுப்பை விட்டதாகப் பெற்றோர் கடிந்துகொள்ளும்முன், வழி இருந்ததா என்று பார்க்கவேண்டும்.

அதைப் பார்ப்பது கடினமன்று. ஒரு செயலி மட்டும் நின்று மற்றவை ஓடினால், கோளாறு தொலைவில் இருக்கிறது, காத்திருப்பதே வழி. எல்லாமே நின்றால் கோளாறு பெரும்பாலும் அருகில், நம் கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலோ கோபுரத்துக்குப் பின்னாலோ இருக்கிறது. வாட்ஸ்அப் பேச்சு விட்டுவிட்டு வந்தால் சாதாரணத் தொலைபேசி அழைப்பை முயன்று பாருங்கள். 4ஜி வலையில் அந்த அழைப்புக்குத் தனி முன்னுரிமை உண்டு. வாட்ஸ்அப் பேச்சு மற்றச் சரக்கோடு சரக்காகவே போகிறது. அவசரத்துக்கு மருத்துவரை அழைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வீட்டில் இருவர் கைப்பேசி வைத்திருந்தால், வெவ்வேறு நிறுவனத்துச் சிம் அட்டைகளை வாங்குவது நல்லது. இரண்டாவது வழி கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டு நிறுவனங்களும் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். அப்போது பெயர் இரண்டு, வழி ஒன்று. இணைப்பு நின்ற ஒரு நாளில் பக்கத்து லயத்தாரின் கைப்பேசி வேலை செய்ததா என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

புகார் செய்யும்போது 'லைன் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இடம், எந்த நாள், எந்த மணி, எது நின்றது, எது ஓடியது என்று ஒரு தாளில் பத்து நாளுக்குக் குறித்து வையுங்கள். பல குடும்பங்களின் குறிப்பைச் சேர்த்து முதலில் நிறுவனத்திடமும், பயனில்லையேல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் கொடுங்கள். இணைப்பு மேம்பாட்டுக்கென அரசாங்கம் 2020-இல் ஜெண்டெலா என்னும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டங்களில் எந்த இடத்தில் குறை என்பதைச் சொல்லவேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்களே. எழுதும்போது வேகம் கூட்டுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்; இரண்டாவது வழி தாருங்கள் என்று கேளுங்கள். வழி இரண்டு இருந்தால், அவற்றுள் நல்லதைத் தேரும் வேலையைக் கணினிகள் பார்த்துக்கொள்ளும்.